காற்றுக்குழாயில் ஒரு போல்ட்டு

வடக்குப்பட்டு திரும்பும் இடத்தில் எனக்கு ஒரு டூவீலர் பட்டறை இருக்கிறது. பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஷிப்டுக்குப் போகும்போது வண்டியை விட்டுவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள். அதிகம் பேசத் தேவையில்லாத தொழில். செயின் தளர்ந்திருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது.

பட்டறை இருக்கிற இடம் ஊர்க்காரர் ஒருவருடையது. உறவு இல்லையென்றாலும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நிலத்தில் ஒரு பகுதி கம்பெனிக்குப் போன பிறகு அவர் ஒரு பழைய கார் வாங்கினார். என்னைவிட வயதான கார். வெள்ளை நிறம், உருண்டை விளக்கு, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். பேட்டரி கழற்ற, ஒயர் மாற்ற என்று சின்ன வேலைகளுக்கு என்னைக் கூப்பிடுவார். நான் கார் மெக்கானிக் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை. அப்புறம் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

போன கோடையில் அவர் மகளுக்கு வளைகாப்பு. வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் மாமியார் வீடு. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இரண்டு நாள் முன்னால் அண்ணன் பட்டறைக்கே காரை ஓட்டிக்கொண்டு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மகளைப் பேசச் சொன்னார்.

"அப்பா, உன் காருலதான் வருவேன். ஆனா அந்த பெட்ரோல் நாத்தம் இருந்துச்சுன்னா பாதி வழியில எறங்கிப்பேன், சொல்ட்டேன். எனக்கு சோறு கொதிக்கற வாசனையே ஆவல."

"கேட்டுக்கினியா?" என்றார் அண்ணன் என்னிடம். "எங்கியோ லீக் கீது. அடைச்சிடு."

நாற்றம் டிக்கியிலிருந்துதான் வந்தது. உள்ளே படுத்து, பக்கவாட்டு அட்டையைக் கழற்றி டார்ச் அடித்தேன். டேங்கின் மேலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் கிளம்பி, மேலே போய் வளைந்து, காருக்கு வெளியே இறங்கியது. நடுவில் அதை இணைத்திருந்த ரப்பர் துண்டு காய்ந்து வெடித்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் பெட்ரோல் ஆவி டிக்கிக்குள் நிறைந்து, பின்சீட்டு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் தாங்குகிற ரப்பர் அந்த அளவில் ஸ்ரீபெரும்புதூர்க் கடைகளில் இல்லை. சென்னைக்குப் போனால் கிடைக்கும் என்றார்கள். அதற்கு நேரமில்லை. பைக்கில் டேங்க் மூடியிலேயே காற்றுக்கு ஓட்டை இருக்கும். இதிலும் இருக்கும், இந்தக் குழாய் டேங்க் நிரம்பினால் வழிந்து போவதற்கு மட்டும்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மூடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஓட்டை இல்லாதது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாய் முனையில் ஒரு துண்டு ரப்பர் ஓஸ் மாட்டி, அதற்குள் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கி, மேலே பசையும் பூசினேன்.

அண்ணன் டிக்கிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். "சுத்தமா இல்லடா! அடைச்சிட்டியா?"

"அடைச்சிட்டேண்ணா."

முதுகில் ஓங்கித் தட்டினார். "வழியில நின்னுட்டா யார் பாக்கறது? நீயும் வா. வெள்ளச் சட்ட இருந்தா போட்டுக்கினு வா."

வளைகாப்பு அன்று காலையில் உறவுக்காரர்கள் ஒரு வேனில் முன்னால் போனார்கள். காரில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில், பின்னால் அவர் மனைவி வளையல் தட்டையும் பழத்தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று ஒரகடம் பங்கில் கழுத்துவரை பெட்ரோல் நிரப்பினார் அண்ணன்.

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் திக்கித் திக்கி நின்றது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஆரன் அடித்தன. நான் இறங்கி முன்னால் பார்த்தேன். பெட்ரோல் வரவில்லை. பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. என் விரலையே இழுப்பது போலிருந்தது. நான் அடைத்த குழாய் வழியாகத்தான் இந்த டேங்க் காற்று வாங்கிக்கொண்டிருந்தது என்பது அந்தச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராததால் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுபடி சாவி போட்டதும் கார் கிளம்பியது.

"இன்னாடா ஆச்சு?"

அண்ணி பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார்ப்ரேட்டர்ல தூசிண்ணா" என்றேன்.

"பாத்தியா? இவன இட்டுனு வந்தது நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன், மனைவியிடம். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மூடியைச் சரியாக இறுக்காமல் காற்று போகிற அளவுக்குத் தளர்த்தி விட்டிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் யாரும் பார்க்காத நேரத்தில் போல்ட்டைப் பிடுங்கிவிடலாம், நாற்றம் வந்தால் வரட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அங்கே போனதும் காரைப் பந்தலுக்கு முன்னால், வெயிலில், எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்தினார் அண்ணன். மல்லிகைச் சரம் சுற்றினார்கள். துணியால் துடைத்துக்கொண்டே சுற்றி வந்தவர் மூடியில் கை வைத்தார். "மூடியக் கூட ஒழுங்கா மூட மாட்டியா?" என்று இறுக்கித் திருகி, பூட்டி, சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். டிக்கி சாவியும் அதே கொத்தில்தான்.

வளையல் அடுக்கும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. நான் பந்தலில் ஒரு ஓரமாக நின்று யோசித்தேன். காலையில் பெட்ரோல் குறைந்ததால் இழுத்தது. இப்போது முழு டேங்க், உச்சி வெயில். உள்ளே பொங்கும். வெளியே போக வழி இல்லை. முன்னால் எஞ்சினில் இருக்கிற கார்ப்ரேட்டர் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு வரும். சம்பந்தி வீட்டு ஆண்களோடு அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவரே திரும்பினார்.

"இன்னா, பசிக்குதா?"

"சாவி..." என்றேன்.

"எங்கியும் ஓடிடாது உன் காரு! மொதல்ல துன்னுட்டு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலி வரிசையில் எனக்கு நடுவில் இடம். முதுகுக்குச் சுவர், முன்னால் மேசை, இரண்டு பக்கமும் ஆட்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம் என்று வரிசையாக வந்து விழுந்தது. கூட உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாம் எழுந்தால் அவர்களை அவமதித்த மாதிரி. மேசைக்கு அந்தப் பக்கம், பந்தல் கால்களுக்கு நடுவில், காரின் முன்பக்கம் தெரிந்தது. தயிர்சாதம் வரும்போது பார்த்தேன், கீழே மண்ணில் கறுப்பாக ஒரு ஈரம். வேறு காராக இருந்தால் ஏசி தண்ணீர் என்று இருந்துவிடலாம். இந்தக் காரில் ஏசி கிடையாது. பக்கத்தில் இருந்தவர் ஊறுகாய் கேட்டு இன்னொரு கை தயிர்சாதம் போடச் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஈரம் பெரிதாவதைப் பார்த்தேன்.

அப்போதே மகளை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டுமாம். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அண்ணி பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு காரின் முன்னால், சரியாக அந்த இடத்தில் போய் நின்றார். தட்டில் சிவப்புத் தண்ணீர், அதன் மேல் வெற்றிலை, வெற்றிலையில் கற்பூரம்.

"வேணாம்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

ஒரு பெண் தீப்பெட்டியைத் திறந்தாள். நான் மேசையைத் தள்ளினேன். இலைகள் சரிந்தன, யாரோ திட்டினார்கள். பெண்கள் கூட்டத்துக்குள் என் வாழ்நாளில் அப்படிப் புகுந்ததில்லை. தீக்குச்சி எரிந்துகொண்டு கற்பூரத்தை நெருங்கியபோது என் வலது கையை அதன் மேல் வைத்து அமுக்கிவிட்டேன். குச்சி என் விரலில் பட்டு அணைந்தது. கை முழுக்கத் தயிர்சாதம்.



"எச்சக்கையோட!" என்றார் சம்பந்தியம்மா. "வாயும் வயிறுமா கீற பொண்ணு கெளம்பற நேரத்துல, ஆரத்தி மேல எச்சக்கை! யாருய்யா நீ?"

அண்ணன் ஓடி வந்தார். "டேய், பைத்தியமா உனக்கு?"

"பெட்ரோலு" என்றேன். மற்றது எதுவும் வரவில்லை. கீழே காட்டினேன்.

அவர் குனிந்து மண்ணைத் தொட்டு முகர்ந்தார். பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி மகளை இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார். தீப்பெட்டி வைத்திருந்தவள் அதைக் கிணற்றுப் பக்கம் வீசினாள். கூட்டம் பின்வாங்கியதும் காருக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அத்தனை கண்ணும் எங்கள் மேல்.

"அடைச்சிட்டேன்னு சொன்னியேடா?"

"அடைச்சிட்டேண்ணா. அத அடைச்சிருக்கக் கூடாது. அது டேங்கு மூச்சு வுட்ற கொழா."

"காலைல நின்னுச்சே?"

"அதுவும் அதனாலதான்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கையை ஓங்கினார் என்றுதான் நினைத்தேன். சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

மூடியைத் திறந்ததும் சூடான காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. போல்ட்டைப் பிடுங்கினேன். நாலு பேர் சேர்ந்து காரைப் புளியமரத்து நிழலுக்குத் தள்ளினார்கள். வேறு தட்டில் புதிதாக ஆரத்தி கரைத்து, வேன் முன்னால் சுற்றி, மகளை வேனில் ஏற்றினார்கள். நான் கிட்டே போகவில்லை. வேன் நகரும்போது ஜன்னல் வழியாக அவள்தான் கூப்பிட்டாள். "சித்தப்பா, கை கழுவிக்கோங்க." அப்போதுதான் கையைப் பார்த்தேன். சோறு காய்ந்துபோயிருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணனும் நானும் காரை எடுத்தோம். எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தும் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. ஒரகடம் வந்தபோது ஷிப்டு விடுகிற நேரம். முன்னால் கம்பெனி பஸ்கள், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். நெரிசலில் கார் நகர முடியாமல் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்று கதவுப்பிடியைப் பார்த்தேன். கதவைத் திறக்கக்கூட இடம் இல்லை.

"என் பொண்ணு ஏறி உக்காந்து, அந்தம்மா கொளுத்தியிருந்தா?" என்றார், முன்னால் இருந்த பஸ்ஸைப் பார்த்தபடியே.

பஸ் நகர்ந்தது, எங்கள் முன்னால் பத்தடி இடம் விட்டது, அவர் ஓட்டவில்லை. பின்னாலிருந்து ஆரன்கள்.

"நாளைக்கு சரியா பண்ணிடுவியா? தெரியுமா, தெரியாதா? ஒண்ணு சொல்லு."

"தெரியாதுண்ணா. நான் கார் மெக்கானிக் இல்ல."

கியரைப் போட்டார்.

மறுநாள் காலையில் பட்டறை முன்னால் வந்து நின்றார். ஏறு என்று கையைக் காட்டினார். ஸ்ரீபெரும்புதூரில் பழைய கார் வேலை செய்கிற ஒருவரிடம் போனோம். அவரிடம் சரியான ரப்பர் குழாய் இருந்தது. டிக்கியில் பாதி உடம்பை நுழைத்து, பழைய இணைப்பை அறுத்து எடுத்து, புதியதை மேலே தூக்கி ஒரு வளையம் போல வளைத்துக் கட்டி, முனையைக் காருக்கு வெளியே இறக்கினார். திருப்பத்தில் பெட்ரோல் ஏறினாலும் வழியாமல் இருக்கத்தான் அந்த வளையம் என்றார். தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. குழாய் முனையில் ஒட்டியிருந்த என் பசையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே உள்ளேயிருந்து கேட்டார், "எவன்பா இத அடைச்சது?"

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. டிக்கியிலிருந்து தலையை வெளியே எடுத்து, "ஆங்?" என்றார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.