அண்ணன் போயிட்டாரு

அப்பாவின் தையல் கடைக் கதவில் அன்று தொங்கிய கறுப்புத் துணி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற மட்டமான துணி. அவசரத்தில் கையால் கிழித்திருந்ததால் நூல் பிரிந்து தொங்கியது. ஓரம் அடிக்காத துணியை அப்பா கடை வாசலில் தொங்கவிட்டது அந்த ஒரு நாள்தான். காலையில் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணிக்குள் அறந்தாங்கிக் கடைவீதி பாதி அடைத்துவிட்டது.

இறந்துபோன அந்தச் சினிமா நடிகரின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. அண்ணன் என்றால் அவர்தான். ‘அண்ணன் படம் வந்திருக்கு’, ‘அண்ணனுக்குக் காய்ச்சலாம்’ என்றே பேசுவார்கள். அப்பாவைவிட வயதில் இளையவர், இருந்தாலும் அப்பாவுக்கும் அண்ணன்தான். மற்றவர்கள் வசனத்துக்கும் வாள் சண்டைக்கும் மயங்கினால், அப்பா மயங்கியது ஒரு சட்டைப் பித்தானுக்கு. ஒரு படத்தில் தாய் இறந்த செய்தியைக் கேட்டபடியே அவர் சட்டை போட்டுக்கொள்வார். முகத்தில் ஒன்றும் இருக்காது. பித்தானை மட்டும் ஒரு துளை தள்ளி மாட்டிவிடுவார். “அழுது காட்ட ஆயிரம் பேரு இருக்காங்க. இந்த மனுசன் பித்தானை மாத்திப் போட்டுல்ல நம்மள அழ வைக்கிறாரு” என்பார் அப்பா. அந்த ஒரு காட்சிக்காகவே பல முறை கொட்டகைக்குப் போனார்.

முதல் இரண்டு முறையும் கூடப் போனது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, ஆலங்குடிப் பக்கம் கடலைக்காட்டுக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். டூரிங் கொட்டகையில் ஆண்களும் பெண்களும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மணலில் உட்கார வேண்டும். தடுப்புக்கு அப்பால் அழுகிற பெண்களில் தன் தங்கை யார் என்று அப்பா குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

அந்தப் பாசத்தைக் கெடுத்தவள் நான்தான். அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டாள். முறைப்படி கேட்டதில் தப்பே இல்லை. நான் டீச்சர் டிரெய்னிங் போக வேண்டும் என்று அழுதேன். அப்பா என் பக்கம் நின்றார். தட்டோடு வந்த அத்தை தட்டோடு திரும்பினாள். வாசலில் நின்று, “இனி ஒன் சாவுக்குத்தான் இந்த வாசலை மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன சொல் மாறாதவள். மகனுக்கு வேறு இடத்தில் முடித்தபோது எங்களுக்குப் பத்திரிகைகூட வரவில்லை. ஆறு வருஷம் ஓடியது. நான் டீச்சராகிச் சம்பளமும் வாங்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்கு அனுப்பிய சீர் திரும்பி வரும்போதெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் இருப்பார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

அன்று நான் விடுமுறையில் வீட்டிலிருந்தேன். வீடு கடைக்குப் பின்கட்டு. அப்பா அண்ணனின் படத்தைத் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்து மாலை போட்டிருந்தார். கடைக்கு உள்ளேயும் வெளியேயுமாக ஒரு கூட்டம் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஆலங்குடி பஸ்ஸின் கண்டக்டரும் அண்ணனின் பக்தர்தான். போகிற வழியெல்லாம் துக்கம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அத்தை ஊர் நிறுத்தத்தில் நின்ற பெண்களிடமும் சொல்லியிருக்கிறார். “அண்ணன் போயிட்டாரு, தெரியாதா? அறந்தாங்கியில டைலர் கடையில கறுப்புக்கொடி கட்டிக் கூட்டமா உக்காந்திருக்காங்க.” அந்தப் பெண்களில் ஒருத்தி டைலரின் தங்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மதியம் கடைவீதி முனையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. சினிமாக்காரருக்கு இவ்வளவு உருக்கமாக யார் அழுவது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவிழ்ந்த கூந்தலோடு, மாரில் அடித்துக்கொண்டு அத்தை ஓடி வந்தாள். கக்கத்தில் ஒரு புது வேட்டி. உடன்பிறந்தவன் உடம்பில் தங்கை போர்த்துகிற கோடி. கறுப்புத் துணியையும் கூட்டத்தையும் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. “என்னை வுட்டுட்டுப் போயிட்டியே அண்ணே” என்று வாசலைத் தாண்டி உள்ளே விழுந்தாள். விழுந்தவளைத் தூக்கியது அப்பா.

நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்கு வராது. முதலில் அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தோளை, கழுத்தில் கிடந்த அளவு டேப்பை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதில்தான் காரியம் கெட்டது. அத்தைக்குச் சட்டென்று மானம் வந்துவிட்டது. கூந்தலை அள்ளி முடிந்தாள். “சொல்லு தப்பி இந்த வாசலை மிதிச்சுட்டேனே. நான் வாரேன்” என்று திரும்பினாள். இப்போது போனால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாள் என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓடிப்போய்க் காலில் விழலாமா என்று நினைத்தேன்.

அப்பா அவள் கக்கத்திலிருந்த வேட்டியைப் பார்த்தார். எடுத்து வந்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

“எங்க போற ஆத்தா?” என்றார். “நீ சொன்ன சொல்லு தப்பலை. சாவு வீட்டுக்குத்தான் வந்திருக்க. இங்கிட்டுப் பாரு, நம்ம அண்ணன்தான் போயிட்டாரு. தங்கச்சி கோடி போடாம அவரை எப்படி அனுப்புறது?”

அத்தை மிஷின் மேலிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வேட்டி மடிப்பைப் பிரித்து மெதுவாகப் படத்தின் மேல் போர்த்தினாள். பிறகு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். படத்தைப் பார்த்துத்தான் அழுதாள். ஆனால் சொன்னதெல்லாம் எங்கள் கதை. சின்ன வயதில் தோளில் தூக்கிப் போன அண்ணன், கல்யாணத்தன்று மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்த அண்ணன். “திருப்பியனுப்புன சீரு ஒவ்வொண்ணுக்கும் அழுதேனே, ஒனக்குத் தெரியுமா? ஒன் மக படிச்சா எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு, பாவி நான்!” அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு தன் ஒப்பாரியைத் தானே கேட்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அத்தை கிணற்றடியில் தலை முழுகிவிட்டு என் கையால் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னாள். அப்பா சிரித்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. பழைய ரசிகர்கள் நாலு பேர் கூடினால், செய்தி வந்த அன்று யார் எங்கே இருந்தோம், எப்படி அழுதோம் என்று சொல்வார்கள். என் முறை வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். ஊரே அழுத நாளில் எங்கள் வீட்டில் மட்டும் சந்தோஷம் வந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் சாகாமல் இருந்திருந்தால் அத்தை வந்திருக்க மாட்டாள். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குக் கூசும். அன்றைக்குச் சென்னையிலும் ஒரு தங்கை தலைவிரி கோலமாக ஓடி வந்து அவர் வாசலில் விழுந்திருப்பாள். அவளைத் தூக்கிவிட அவர் எழுந்து வரவில்லை.