அளவு ஜாக்கெட்

கம்பெனியில் இருந்து நின்ற மறுநாள் காலை, எதைக் கட்டுவது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை. ஒசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி. கைக்கு வந்த சேலையைச் சுற்றிக்கொண்டு போனால் போதும். மேலே வெளிர்நீலக் கோட், தலைக்குத் தொப்பி. உள்ளே என்ன கட்டியிருக்கிறோம் என்று பக்கத்தில் நிற்பவளுக்கே தெரியாது. இடுப்பு வலி தாங்காமல் வேலையை விட்டபோது கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுத்த பிறகுதான் எனக்கென்று துணியே இல்லை என்பது தெரிந்தது.

பீரோ நிறையச் சேலை இருந்தது. பெரும்பாலும் விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்தவை. ஒன்றும் நான் பார்த்து எடுத்ததில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கான ஜாக்கெட் மடித்து வைத்திருந்தேன். எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒன்றிலும் கொக்கி சேரவில்லை.

அது எனக்குப் புதிய செய்தி இல்லை. கம்பெனிக்குப் போகும்போது கீழே இரண்டு கொக்கியைப் போடாமல் விட்டு, முந்தானையை இழுத்து ஊக்குக் குத்திக்கொள்வேன். கோட் போட்டால் மறைந்துவிடும். விசேஷங்களுக்குப் போனால் ஸ்வெட்டர். ஊரில் சிரிப்பார்கள். "ஒசூர்க்காரிக்குச் சித்திரை மாசத்துலயும் குளுருதுடி" என்று நாத்தனார் ஒருமுறை பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு அளவு ஜாக்கெட். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் கல்லாவியில் ஒரு அக்கா டேப் வைத்து அளந்து தைத்துக் கொடுத்தது. ஒசூருக்கு வந்த பிறகு டெய்லர் கடையில் இருந்தவர் ஆண். துணியோடு அந்த ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டால் அவர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. தைத்து வாங்கும்போது, "அளவு சரியா இருக்குதாம்மா?" என்று கேட்பார். "சரியா இருக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னால், எங்கே பிடிக்கிறது என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு பிள்ளை பெற்று, உடம்பு கனத்து, தலை நரைத்த பிறகும் அதே ஜாக்கெட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்ட பிறகு இனி உடம்புக்குச் சுகமாக, பார்க்கவும் நன்றாக உடுத்துவது என்று முடிவு செய்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இது என்ன ஆசை என்று கூச்சமாகத்தான் இருந்தது. முதலில் கழுத்தில் அரிக்கும் ஜரிகைச் சேலைகளை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். பிறகு ஒரு நூல் சேலை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் கவனித்தேன், அதுவும் கோட்டின் வெளிர்நீலம். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதையே மறந்திருக்கிறேன். அடுத்த தடவை கடையில் அவசரப்படாமல் நின்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றும், மண் நிறத்தில் ஒன்றும் எடுத்தேன். இடுப்பை அறுக்கும் நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்த பாவாடை. குதிகால் தட்டையான செருப்பு. இவ்வளவும் எளிதாக நடந்தது. ஜாக்கெட்தான் பாக்கி.

எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டிலேயே தைக்கிறாள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் கன்னடம், என்னிடம் தமிழ். துணியோடு வழக்கம்போல அளவு ஜாக்கெட்டை நீட்டினேன். அவள் அதை விரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க பொண்ணோடதா?"

"எனக்குப் பொண்ணு இல்லம்மா. ரெண்டும் பசங்கதான். இது என்னோடது."

"உங்களோடதா? எந்தக் காலத்துலக்கா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "உள்ள வாங்க, டேப்பு வெச்சி அளந்துக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டு அளந்தாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

"மூச்ச வுடுங்கக்கா. இழுத்துப் புடிச்சிக்கினா எனக்கு என்னா, நாளைக்கி நீங்கதான் கஷ்டப்படணும்."

விட்டேன். ஒரு நிமிஷ வேலை. கை முழங்கை வரை வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு அது நல்லா இருக்கும்" என்றாள். அவள் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடந்தபோது, கையைத் தூக்கி மேல் அலமாரி டப்பாவை எடுக்க முடிந்தது. அழுகை வந்தது. காரணம் அந்த டப்பா இல்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒரு பட்டுச் சேலை.

அது என் வீட்டுக்காரர் எடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தீபாவளிக்கு, என்னிடம் சொல்லாமல் கிருஷ்ணகிரிக்குப் போய்த் தனியாக எடுத்து வந்தார். பாக்கு நிறம், மெல்லிய மஞ்சள் கரை. "கடைக்காரரு என்னா கலரு அவங்கன்னு கேட்டாரு. சொல்லத் தெரியல. என் கையக் காட்டி, இத விடக் கொஞ்சம் வெளுப்புன்னேன்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். அதுதான் அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு.

அதற்கும் அதே அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்தேன். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது போட்டால் மூச்சு முட்டியது. அவர் வெளியே காத்திருந்தார். சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டார். உடம்பு பெருத்துவிட்டது என்று சொல்ல வெட்கம். "கனமா இருக்குதுங்க" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். அடுத்த தீபாவளியில் இருந்து பணத்தைக் கையில் கொடுத்து, "நீயே பாத்து எடுத்துக்க" என்று சொல்லிவிடுவார். அது பிள்ளைகளின் துணிக்கே போய்விடும். விசேஷங்களுக்கு நான் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்துப் பார்த்து, கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். தனியாகப் போய்வரப் பழகிவிட்டார்.

அந்தச் சேலையையும் ஜாக்கெட்டையும் தையல்காரப் பெண்ணிடம் எடுத்துப் போனேன். புதிதாகத் தைக்கத் துணி இல்லையே என்று கவலைப்பட்டேன். அவள் ஜாக்கெட்டைப் புரட்டி உள் தையலைக் காட்டினாள்.

"பாருங்கக்கா, ரெண்டு பக்கமும் எவ்ளோ துணி வுட்டு வெச்சிருக்காரு. பிரிச்சி வுட்டா போதும். இத்தன வருசம் கேக்கவே இல்லியா நீங்க?"

அடுத்த நாளே கொடுத்துவிட்டாள்.

ராயக்கோட்டையில் அவருடைய பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம் வந்தது. நானும் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தச் சேலையோடு வெளியே வந்து நின்றால் அவருக்கே புரியும் என்று நினைத்தேன். விடியற்காலையில் குளித்து, அறைக்குள் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விட்டுப்போனதால் மடிப்பு அடங்கவில்லை. ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டாம் தடவை மடித்தபோது, வாசலில் இருந்து "நான் கெளம்பறேன்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஊக்கை எடுத்துவிட்டு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. போன் செய்தேன். ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். பஸ் ஏறிப் போயிருக்கலாம். மண்டபத்துக்குள் தனியாக நுழைய எனக்குத் தைரியம் இல்லை.

அவிழ்க்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வந்தார். கையில் இரண்டு தாம்பூலப் பை. எனக்கென்று எப்போதும் ஒன்று சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கதவருகே நின்று பார்த்தார்.

"போன் பண்ணியிருந்தியே, என்னா?" என்று கேட்டவர், சேலையைப் பார்த்து நிறுத்தினார். "இது..."

"நீங்க எடுத்ததுதான்."

"கனமா இருக்குதுன்னியே?"

"சேல கனமில்லீங்க. அன்னைக்கி ஜாக்கெட்டு பத்தல. சொல்ல வெக்கமா இருந்தது."

பைகளை மேசைமேல் வைத்தார். செருப்பைக் கழற்ற வெகுநேரம் ஆனது.

"நான் எடுத்தது உனக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "எல்லாரும் கேட்டாங்க, ஏன் கூட்டிக்கினு வரலன்னு. எப்பவும் கேப்பாங்க" என்றார்.

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "அடுத்த மாசம் கல்லாவியில ஒருத்தரு புது வீடு குடி போறாங்க. வர்றியா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "வரேங்க" என்றேன்.

சாயங்காலம் சேலையை மடித்தபோது பார்த்தேன். ஒரே மடிப்பில் கிடந்து கிடந்து, அந்தக் கோடு நெடுகப் பாக்கு நிறம் வெளுத்து, பட்டு இற்றுப்போயிருந்தது. கட்டியிருக்கும்போது கொசுவத்துக்குள் போய்விடுகிறது, யாருக்கும் தெரியாது. இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது. பழைய கோட்டில் விழாமல் வேறு மடிப்பில் மடித்து, கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன்.