மரியதாசும் போர்த்துக்கீசக் கப்பித்தானும்

மரியதாஸ் வாயைத் திறந்தால் கப்பல் வரும். சுவிஸில் பிரெஞ்சு பேசும் லோசானில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் தட்டுக் கழுவியவனுக்கு, பூட்டனுடைய தகப்பன் போர்த்துக்கீசக் கப்பலொன்றின் கப்பித்தானாம். "இந்தச் சுருட்டைத் தலை சும்மா வந்ததோ?" என்று தலையைத் தடவிக்கொள்வான். திருகோணமலையில் அவனோடு ஒரே வகுப்பில் படித்த பாவத்துக்கு நான் இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

2019இல் அவனுக்கு அறுபது. மண்டபம் எடுத்தான், நூற்றைம்பது பேருக்குச் சொன்னான், கப்பல் வடிவில் கேக்குக்கும் சொல்லிவிட்டான். பிறகுதான் வரலாறு படிக்கும் மகள் மதுஜாவிடம், "ஊர்க் கோயில் பதிவேட்டில கப்பித்தான்ர பேர் இருக்கும், எடுத்துத் தா பிள்ளை. மேடையில வாசிக்கவேணும்" என்றான். ஆதாரம் வருமுன் கேக்கு! அவசரக்குடுக்கை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்க, பங்குச் சாமியார் பூட்டனுடைய 1860ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். நானும் அவன் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பதிவின் ஓரத்தில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாதிரியார் தன் மொழியிலேயே குறிப்பு எழுதியிருந்தார். லோசான்காரனுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? மரியதாஸே கண்ணாடியை மாட்டிக் கம்பீரமாக வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

பூட்டனுடைய தகப்பன் பெயர் பிரான்சிஸ்கு. மொசாம்பிக்கில் பிறந்த கறுப்பர், எங்கள் ஊர்ப்பேச்சில் காப்பிரி. சிறுவயதில் விற்கப்பட்டு, பின் வெள்ளைக்காரனின் படையில் சிப்பாய்.

"போர்த்துக்கீசர் போய் இருநூறு வருசத்துக்குப் பிறகு கப்பித்தான் எங்கயிருந்தப்பா வாறது?" என்றாள் மதுஜா. எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஆக்களின்ர முகத்தில என்னெண்டு முழிக்கிறது?" என்றான்.

"பேசாமல் விடு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்று நான் புத்தி சொன்னேன்.

விழாவன்று கேக்கு வெட்டுமுன் ஒலிவாங்கியைப் பிடித்தான். அந்தக் குறிப்பை ஓர் எழுத்து விடாமல் தமிழில் வாசித்தான்.

"கப்பித்தான் எங்கட அம்மா கட்டின கதை" என்றான். "பள்ளிக்கூடத்தில என்னைக் காப்பிரி, காப்பிரி எண்டு கத்தினவங்கள். நான் அழுதுகொண்டு வீட்டை போக, அம்மா ஒரு கப்பித்தானைத் தந்தா. கத்தினவையில நாலு பேர் இஞ்ச முன்வரிசையில இருக்கினம்." சிரித்தான். "குறை சொல்லேல்லை. நீங்கள் சொன்னது சரிதான். ஆனா அந்த மனுசனுக்கு ஒரு பேர் இருக்கு. எழும்பி அதைச் சொல்லுங்கோ பாப்பம்."

அந்த நாலு பேரில் மூன்று பேர் கையில் பாதி கடித்த றோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பினேன். வெட்கத்தில் காது சுட்டது.

"பிரான்சிஸ்கு" என்றேன்.

"கேக்கேல்லை" என்றான் மரியதாஸ். "அண்டைக்கு இதைவிடச் சத்தமாக் கத்தினனீ."