டீச்சருக்காக இறங்கிய மெட்டு

அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அந்த மெட்டு பிறந்தது. என் வீட்டுக்காரர் கூடத்தில் பாய் விரித்து ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். அவர் ஒரு வரியை வாசித்துவிட்டு, "ஏம்புள்ள, இதைச் சொல்லு பார்க்கலாம்" என்பார். நான் புகையை ஊதித் தள்ளிக்கொண்டே பாடிக் காட்டுவேன். அவருக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி இருக்கும். மனதில் ஓடும் மெட்டு எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரிய வேண்டுமானால், அது முதலில் என் தொண்டைக்குள் போய் வெளியே வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

பாலக்காடு ஜில்லாவில் கொல்லங்கோட்டுப் பக்கம் எங்களுக்கு நெல் வயலும் கொஞ்சம் கடலைக்காடும் இருந்தன. பகலெல்லாம் அவர் காட்டில் கிடப்பார். நோம்பிக் காலத்தில், கோயில் திருவிழாக்களில், மெல்லிசைக் குழு நடத்துவார். வாளையாறு முதல் சித்தூர் வரை எங்கள் குழு ஏறாத கோயில் மேடை இல்லை. மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டை வைத்தே பிழைத்தன. இவர் மட்டும் இடையிடையே சொந்தப் பாட்டை நுழைத்துவிடுவார். மனசுக்குள் அழுகிற பாட்டுகள். மேடையில் அவற்றைப் பாடியது நான்தான். அன்று அடுப்படியில் பிறந்தது, 'காத்துக்கு வழிவிட்ட மலையே, என் பாட்டுக்கு வழிவிட மாட்டாயோ' என்று தொடங்கும். 'மலையே' என்ற இடத்தில் குரல் எகிறி மேலே போய் நிற்க வேண்டும். மூச்சு முட்டும். நான் மாசமாக இருந்தபோது, "அந்த எடத்தைக் கொஞ்சம் எறக்கிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "மலையின்னா ஏறித்தான் ஆகோணும்" என்று சொல்லிவிட்டு வாசிப்பதைத் தொடர்ந்தார். நானும் ஏறினேன்.

எழுபதுகளின் நடுவில், கோயமுத்தூரில் ரெக்கார்டுக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி எங்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். நாலு பாட்டை இசைத்தட்டாகப் போடலாம் என்றார். காப்பி கொண்டுவந்த நான் கதவருகில் நின்றேன். முதலாளி டம்ளரை வாங்கிக்கொண்டு, "பாட்டு உங்களுதுங்க. ஆனா ரேடியோவுல ஜனங்க கேட்ட குரலாப் பார்த்து நாம வெளியிலிருந்து கூப்பிட்டுக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் சரி என்று சொல்வதற்கு முன் என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

பாடுவதற்கென்று வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இடுக்கித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர். தோட்டத்து மேடைகளில் பெயர் வாங்கியவர். இன்னொருவர் பாலக்காட்டில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து டீச்சர். ரேடியோவில் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் குரல் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்குவார். வெயிலில் வந்தாலும் புடவை மடிப்புக் கலைந்திருக்காது. முதல் நாள் அவர் வந்தவுடன் என் வீட்டுக்காரர் தோப்புக்குப் போய்த் தன் கையாலேயே இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். என் மசக்கைக்குக்கூட ஆளைவிட்டு வெட்டச் சொன்ன மனுஷர். டீச்சர் அந்த இளநீரைக் குடித்து முடிக்கும்வரை நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தொண்டையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன்.

கொடுமை என்னவென்றால், பாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நான். என் வீட்டுக்காரருக்குத்தான் பாட வராதே. நான் ஒரு வரி பாடுவேன், டீச்சர் திருப்பிப் பாடுவார். நன்றாகத்தான் பாடினார். அதுதான் எரிந்தது. எங்கேயாவது தடுக்கி விழமாட்டாரா என்று ஒவ்வொரு வரியிலும் காத்திருந்தேன். 'மலையே' வந்தது. டீச்சரின் குரல் பாதியிலேயே உடைந்தது. இன்னொரு தடவை பாடினார், மறுபடியும் உடைந்தது. என் நெஞ்சுக்குள் மத்தாப்புக் கொளுத்தின மாதிரி இருந்தது. நான் வேண்டுமென்றே அந்த இடத்தை முழு மூச்சோடு பாடிக் காட்டினேன்.

டீச்சர் முகம் சிவந்து, "நேக்கு எட்ட மாட்டேங்கறதே" என்றார்.

என் வீட்டுக்காரர் ஹார்மோனியத்தில் அந்த இடத்தை மேலே கொண்டுபோகாமல், வளைத்துக் கீழே இறக்கி வாசித்தார். "இப்படி வெச்சுக்கலாமுங்க. இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். குரல் போனால் போகிறது, பெயர் போனால் போகிறது என்று அதுவரை மனதைத் தேற்றி வைத்திருந்தேன். வயிற்றில் பிள்ளையோடு நான் கேட்டபோது இறங்காத மெட்டு, ஒரு வாரம் பழகிய பெண்ணுக்கு இறங்கிவிட்டதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்துக்காரர் தண்ணீர் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, நீங்களே பாடுதேன்னு வாயத் தொறந்து அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?" என்றார். "கேட்டு வாங்கறதுக்கு அது என்ன சீலைங்களா?" என்று சொல்லிச் சொம்பை நீட்டினேன்.

மெட்ராஸில் ஒலிப்பதிவு நடந்தபோது நானும் போனேன். கூட்டமாகப் பாடும் நாலு பெண்களில் ஒருத்தியாக 'ஓ... ஓ...' என்று இழுப்பது என் வேலை. மைக் டீச்சருக்கு முன்னால் இருந்தது. நாங்கள் தள்ளிச் சுவரோரமாக நின்றோம். ஹார்மோனியத்தை மட்டும் நான்தான் வாசிப்பேன் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். பாடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது அவர் பழக்கம். அத்தனை வருஷம் என் வாயைப் பார்த்த கண் அன்று டீச்சரின் வாயைப் பார்த்தது.

திரும்பும் ரயிலில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கண்ணயர்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பாட்டெல்லாம் உங்க தொண்டைக்கு அளவெடுத்துத் தெச்ச ரவிக்கை. நான் போட்டுண்டா தோள்ல பிடிக்கறது. அதான் அவர் ஒரு எடத்துல தையலப் பிரிச்சு விட்டார். நேக்குன்னு ஒருத்தர் இப்படி அளவெடுத்ததே கெடையாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். எனக்கோ, பாடத்தான் வருகிறதென்றால் இத்தனை அழகாகப் பேசவும் வருகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது.

தட்டு வெளியே வந்தது. கல்யாண வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுத்தான். அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் ஊரில் எங்கள் குழுவே மேடை ஏறியது. டீச்சர் வரவில்லை. 'மலையே' பாட்டை நான் பாடினேன், முதலில் பிறந்த மாதிரியே. குரல் மேலே போனதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "ஏனுங்கம்மா, தப்பாப் பாடறீங்களே! ரெக்கார்டுல இப்படி இல்லீங்க" என்றார். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். நான் நிறுத்திவிட்டேன். என் அடுப்படியில் பிறந்த பாட்டை நான் தப்பாகப் பாடுகிறேன் என்று என் ஊரே சொல்கிறது.

மேடையில் ஒருநாளும் வாய் திறக்காத என் வீட்டுக்காரர் ஹார்மோனியத்தை விட்டு எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். "தப்பில்லீங்க. இந்தப் பாட்டு மொதல்ல இப்படித்தானுங்க இருந்துச்சு. என்ற ஊட்டுக்காரி பாடறதுதானுங்க அசல். அந்த டீச்சருக்காக நாந்தான் எறக்கிப் போட்டேன்" என்றார்.

ஊர் கை தட்டியது. இவ்வளவு பேர் முன்னால் ஒரு மனுஷர் தன் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறார். என் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் என் காதில் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைதான். 'டீச்சருக்காக.' வந்த கோபத்தில் பாட்டை முதலிலிருந்து எடுத்தேன். 'மலையே' என்ற இடத்தில் குரல் போய் நின்ற உயரம் எனக்கே புதிது. முடித்ததும் கூட்டத்தில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் பூரித்துப் போயிருந்தார். "இன்னைக்குப் பாடுனே பாரு, அதுதாம்புள்ள பாட்டு. நாஞ் சொன்னதுல உனக்குத் தெகிரியம் வந்துருச்சு" என்றார். நான் ஆமாங்க என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் அவர் தட்டு எதுவும் போடவில்லை. முதலாளி கடையை மூடிவிட்டார். டீச்சர் கல்யாணமாகி வடக்கே எங்கேயோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறினோம். ஒன்றையும் யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை.

இப்போது அவர் இல்லை. போன வருஷம் அவருடைய திதியன்று, என் மகன் அந்தத் தட்டை எங்கேயோ கொடுத்து ஃபோனில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டுக் காட்டினான். முதலில் கொஞ்சம் கரகரப்பு. பிறகு ஹார்மோனியம் தனியாக வந்தது. அவருடைய விரல்தான், எனக்குத் தெரியாதா? அடுத்த நிமிஷம் டீச்சரின் குரல் எழுந்தது. என் வீட்டுக்காரர் உடனே அடங்கி, அந்தக் குரலுக்குக் கீழே மெத்தை விரித்த மாதிரி வாசித்துக்கொண்டு போனார். என்னோடு அவர் வாசித்ததில் ஒரு துளிகூட இந்த உலகத்தில் மிச்சமில்லை. அவர் விரல்கள் இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

என் முகம் மாறியதை மகன் கவனித்துவிட்டான். "நிறுத்தட்டுங்களாம்மா?" என்றான்.

"வேண்டாஞ்சாமி, ஓடட்டும்" என்றேன். அவரைக் கேட்க வேண்டுமானால் அவளையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.