மாடசாமி அண்ணன் பார்த்து வந்த வெயில்

“தாய்லாந்து டூர் - 32 பேர்” என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரை மாற்றுவதில்லை என்று இன்று காலை ஏழு மணிக்கு ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது. இருபது நிமிட விவாதம். ஒருவர் 31 என்று மாற்றச் சொன்னார், மூன்று பேர் கண்டித்தார்கள், அவர் வருத்தம் தெரிவித்தார்.

மாடசாமி அண்ணன் நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, டீ கேட்டுவிட்டு, டீ வருவதற்குள்... நெஞ்சுவலி.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சரக்கைக் காயப்போடும் களத்துக்கு அவர்தான் ஃபோர்மேன். நான் ஆபீசில் லேபிளுக்குப் பெயர் வைக்கிறவன். அவர் காயவைத்த பூச்சட்டிகளுக்கெல்லாம், அதாவது புஸ்வாணங்களுக்கெல்லாம், வெளிநாட்டு ஊர்களின் பெயரை வைத்திருக்கிறேன். அந்த ஊர்களை இரண்டு பேரும் பார்த்ததில்லை.

மூன்று வருடம் முன்பு சீசன் நன்றாகப் போனதில் முதலாளி மனமிரங்கி, தீபாவளி முடிந்த லீவில் எங்களைத் தாய்லாந்துக்கு அனுப்பினார். டிராவல்ஸ்காரர் கொடுத்த நோட்டீசில் “இதமான வெயிலைத் தேடி ஒரு பயணம்” என்று போட்டிருந்தது. சிவகாசியிலிருந்து வெயிலைத் தேடிப் போன முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

அங்கே கைடாக வந்த பெண் பஸ்ஸிலேயே பாடம் எடுத்தார். யார் தலையையும் தொடக் கூடாது, கோயிலுக்குள் செருப்பு கூடாது, உள்ளூர் வழக்கத்தை மதிக்க வேண்டும். பயபக்தியோடு தலையாட்டினோம்.

முதல் கோயில் வாசலில் ஒரு பித்தளைத் தூண். மாடசாமி அண்ணன் ஷூவைக் கழற்றி வைத்தார், தூணை உள்ளங்கையால் ஒரு தொடு தொட்டார், உள்ளே போனார்.

வெடிமருந்து இருக்கும் அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் எங்கள் ஊரில் நுழைய வேண்டும். கை அதுவாகவே போய்விடும். பின்னால் போன முப்பத்தொரு பேரும் யோசிக்காமல் தொட்டோம்.

எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதுதான் உள்ளூர் வழக்கம் என்று நினைத்து, ஒவ்வொருவராக, மிகுந்த மரியாதையோடு தொட்டார்கள். கைடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தொட்டார்.

மத்தியானம் என் ஓட்டல் ரூமில் ஐந்து பேர் உட்கார்ந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தோம். அண்ணன் தட்டோடு வராந்தாவிலேயே நின்றார்.

“உள்ள வாங்கண்ணே.”

“இருக்கட்டும்ப்பா. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாது.”

“அண்ணே, இது ஓட்டலு. இங்கன வெடிக்க என்ன இருக்கு?”

“அது எனக்குந் தெரியும்லே. காலு வரமாட்டேங்குது.”

சிரித்தோம். பிறகு நிறுத்திக்கொண்டோம்... அவர் தம்பி ஒரு வெடி விபத்தில் போனது எல்லோருக்கும் தெரியும், அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் தெரியும். லோடு ஏற்றும் செல்வம் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று சாப்பிட்டான்.

கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

“ஏலே, என்ன இது, ஆளக் காயப் போட்டிருக்காக?”

“காசு குடுத்து வந்து காயுறாகண்ணே.”

“இந்த வெயிலு பத்தாதே. ஈரக்காத்து வேற. நம்ம பூச்சட்டின்னா மூணு நாளாகும்.”

ஒரு கிழவர் அப்படியே தூங்கிப்போய், முதுகு சிவந்துகொண்டிருந்தது. அண்ணன் போய்க் குடையை நகர்த்தி அவர் மேல் நிழல் விழ வைத்தார். வெயில் நகர்ந்தபோது மறுபடி நகர்த்தினார். அவர் எழுந்து போகிறவரை அது நடந்தது.

அதன் பிறகு அவரே மணலில் படுத்தார். சட்டையோடு, கைக்கடிகாரத்தோடு, முக்கால் மணி நேரம். எழுந்ததும் சொன்னது ஒன்றுதான்: “பேச்சிய ஒருக்கா இங்கன கூட்டியாரணும்.”

பேச்சியம்மாள் அக்கா அவர் மனைவி. அதே கம்பெனியில் தகரக் கொட்டகைக்குள் பட்டாசைப் பெட்டியில் அடுக்குகிறவர். டூர் பட்டியலில் அவர்கள் செக்‌ஷன் வராது.

ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அக்கா மறுத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை என் முன்னாலேயே நடந்தது.

“வெயிலுக்கா பிளேன் ஏறிப் போகணும்? இங்கன அடிக்கிறது என்ன, நெலாவா?”

“ஏட்டி, இது வேல செய்யுற வெயிலு. அங்கன சும்மா படுத்துக் கெடக்கலாம். எவனும் ஏன்னு கேக்க மாட்டான்.”

“சும்மா கெடந்தா எனக்கு மேலு வலிக்கும்.”

“அது மொத நாளு மட்டுந்தான்.”

போன மாதம் அக்கா சரி என்றார். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்று பயம்.

அக்காவுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இரண்டு பேரும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் வந்தார்கள். எதற்கு வெளிநாடு போகிறீர்கள் என்று அங்கே யாரோ கேட்டதற்கு, “படுக்க” என்று அக்கா சொன்னதாக அண்ணன் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை.

முந்தாநாள் என் மேசைக்கு வந்தார்.

“போலீசு வந்து விசாரிச்சிட்டுப் போனா புஸ்தகம் வந்துருமாப்பா?”

“வந்துரும்ணே.”

“அவுக வாரப்ப இவ வேலைக்கு வந்துட்டான்னா? லீவு போட்டு வீட்டுல இருக்கச் சொல்லவா?”

ஒரு நாள் லீவு போதும் என்றேன்.

இன்று மாலை நாலு மணிக்குத் திருத்தங்கலில் எடுக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்கள் வரப் பாருங்கள்.

சரிண்ணே... பார்த்துப் போங்க.

இன்று பதினோரு மணிக்கு பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு காவலர் அண்ணன் வீட்டுக்கு பைக்கில் வந்தார். வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்துவிட்டு, பிறகு வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.