நதீராவின் குதிகாலும் என் பிட் பெட்டியும்

என் தங்கையின் கணவர் பளீலுக்கு நான் ஒரு காலத்தில் இரண்டு லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். கால் தேய்க்கும் மெசின் வாங்கப் பட்ட கடன். கல்முனையில் அதுவரை எவரும் அப்படியொரு கடன் பட்டதில்லை என்று அடித்துச் சொல்வேன். “காலத் தேய்க்கவா ரெண்டு லட்சம்? கல்லில தேய்ச்சா ஓசிதானே மச்சி!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் தந்தார். ஒரு நோன்புப் பெருநாளிலிருந்து அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் நான் கொடுத்தேனா இல்லையா என்றே கடைசிவரை யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

என் பெயர் சுல்பிகா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது. கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். பிறகு அங்கேயே ஒரு பெண்கள் அழகு நிலையத்தில் தரை கூட்டினேன். கூட்டும்போது என் கை தரையில் இருந்தாலும் கண் மற்றவர்களின் கையில்தான் இருந்தது. காலையும் நகத்தையும் பராமரிக்கிற இந்த வேலை அப்படிப் படித்த படிப்பு. இன்றைக்குக் கல்முனை பஸாருக்குப் பின்னால் எனக்குச் சொந்தமாக ஒரு அறை, இரண்டு சாய்வுக் கதிரை, கிருமி கொல்லும் நீராவிப் பெட்டி எல்லாம் உண்டு. நிந்தவூரிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஆண்கள் திரைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

மெசினோடு சேர்த்துக் கொழும்புக் கடைக்காரன் ஒரு பெட்டி பிட் தந்தான். பிட் என்றால் மெசினின் பிடியில் செருகுகிற முனை. சுவரில் ஓட்டை போடும் மெசினுக்கு இருப்பது போலத்தான், ஆனால் விரல் நுனியளவு. எல்லாம் பளபளவென்று மினுங்கின. பாதிக்கு மேல் ஒட்டு நகத்தைச் செதுக்குகிற, இரும்புப் பல் வைத்த பிட்டுகள். எங்கள் ஊரில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படவேண்டும் என்று சாயமே பூசாதவர்களுக்கு ஒட்டு நகம் எதற்கு? சொந்த நகத்தில் அந்தப் பல்லை வைத்தால் நகம் ஏடு ஏடாகக் கிளம்பிவிடும். அவற்றைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியதை நானே தேடி ஒவ்வொன்றாக வாங்கினேன். நல்ல பிட்டின் கழுத்தில் ஒரு நிற வளையம் இருக்கும். சிவப்பு என்றால் மென்மை, நீலம் நடுத்தரம், பச்சை முரடு. தடித்த நகத்துக்குச் சிவப்பு, அதுவும் முனை மழுங்கியது. குதிகாலுக்குப் பெரிய உருளை. அதன் உடம்பில் ஓட்டை ஓட்டையாக இருக்கவேண்டும். காற்றுப் போனால்தான் சீக்கிரம் சூடேறாது. இவை தவிர, றப்பர் தலையில் மாட்டுகிற தொப்பிகள் உண்டு. தச்சன் பலகையில் தேய்க்கிற தாளைப் போலச் சொரசொரப்பானவை. ஓராளுக்கு மாட்டியதை மற்ற ஆளுக்கு மாட்டமாட்டேன். வேலை முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். எந்தக் காலுக்கு எது என்று என் கை தானாகவே எடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நதீரா வரும்வரை.

நதீரா மருதமுனைக்காரி, கைத்தறியில் சாரன் நெய்கிறவள். மிதிகட்டையை மிதித்து மிதித்துப் பாதம் தடித்துக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“ராத்தா, இன்னம் மூணு கிழமைல மக்காவுக்கு உம்றாக்குப் போறன். சாரன் நெஞ்சி சேத்த காசி. கஃபாவச் சுத்தி என்ட காலாலதான் நடக்கணும். மகன் வீல்செயார் எடுக்கிறதெண்டு ஒரே புடியில நிக்கான்.”

“உம்மாக்கு வீட்டுக்குள்ளயே நடக்கேலா மாமி!” என்றது திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல். அவளோடு பயணம் போகப்போகும் மகன் றுமைஸ்.

“வாய மூடு. ஒன்னத் தூக்கிக்கிட்டு நடந்த காலுடா இது!”

நான் கேட்டேன். “சீனி வருத்தம் இரிக்கா புள்ள?”

“ஓம், கொஞ்சம்.”

“அப்ப டொக்டர்ட்டக் காட்டிட்டு வாங்க. மறுகா தொடுறன்.”

போய்க் காட்டிவிட்டு வந்தாள். புண் இல்லை, உணர்ச்சி மட்டும் சற்று மந்தம், தடித்த தோலைப் பிளேட் வைக்காமல் மெல்லக் குறைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த உத்தரவு இல்லாமல், நீரிழிவு உள்ள சீனிக்காரர் காலில் நான் கை வைப்பதில்லை.

முதல் நாள் நீல வளைய உருளையை எடுத்தேன். செத்த தோல் மஞ்சளாக இருக்கும். தேயத் தேய வெளுக்கும். உள்ளிருந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தால் அங்கே நிறுத்தவேண்டும். நிறம்தான் எனக்கு அளவுகோல். அன்றைக்கு எழும்பி நின்றவள், “பஞ்சில நிக்கிற மாதிரி இரிக்கி ராத்தா” என்றாள். களிம்பு கொடுத்து, அடுத்த கிழமை வரச் சொன்னேன்.

அடுத்த கிழமை வந்தவளின் பாதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் கருஞ்சிவப்பு.

“என்ன புள்ள செஞ்சி வெச்சிரிக்காய்?”

“மருதோண்டி ராத்தா. வெடிப்புக்குக் குளிர்மைதானே. பயணம் போறவ எண்டு சொந்தக்காரப் பொண்டுகள் வந்து, வெடிப்புக்குள்ளயெல்லாம் அப்பிக் கட்டி விட்டாங்க.”

“அல்லாட காவல்! என்ட கண்ணக் கட்டிப்போட்டீங்களே!”

மருதாணி அப்புவது எங்கள் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் மருதோண்டி பிடித்த காலில் செத்த தோலும் சிவப்பு, உயிர்த் தோலும் சிவப்பு. வெடிப்பின் அடிவரை சிவப்பு. இரத்தம் கசிந்தாலும் தெரியாது. அவளுக்கும் வலி சரியாகத் தெரியாது. தடித்த தோலில் ஏறிய நிறம் பயணத்துக்கு முன் போகவும் போகாது. ஒரு கீறல் விழுந்தால் சீனிக்காரிக்கு அது ஆறுமுன் விமானம் கிளம்பிவிடும். பிறகு வீல்செயார்தான், அல்லது பயணமே இல்லை.

வெளியிலிருந்து றுமைஸ் சொன்னான். “பச்ச வளையத்தப் போட்டு, செவப்புப் போறமட்டும் தேய்ங்க மாமி. யூடியூப்பில பாத்தன்.”

“மனே, யூடியூப்காரன்ட உம்மாவா இஞ்ச இரிக்கா?”

நதீரா வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதைத்தான் அவசரக்காரி எவளும் செய்வாள். நிறத்தைத் துரத்திக்கொண்டு போனால் வெடிப்பின் அடியில் உள்ள பச்சை இறைச்சியில்தான் போய் நிற்கவேண்டிவரும்.

பச்சை வளைய பிட்டை ஒதுக்கினேன். நீலத்தையும் ஒதுக்கினேன். பெட்டி முழுவதையும் கிளறி, இருந்ததிலேயே மென்மையான தொப்பியை றப்பர் தலையில் மாட்டினேன். றப்பர் வளைந்து கொடுக்கும். தொப்பியின் சொரசொரப்பு கெட்டித் தோலைத்தான் பிடிக்கும், மெத்தென்ற தோலில் சற்று வழுக்கும். வேகத்தை ஆகக் கீழே இறக்கினேன். கண்ணை நம்பாமல் இடது கை விரலால் தடவித் தடவிப் போனேன். கெட்டியா, இன்னும் போகலாம். மெத்தென்கிறதா, நிறுத்து. சூடு தட்டுகிறதா, மற்றக் காலுக்கு மாறு. வெடிப்பின் ஆழத்துக்குள் போகவேயில்லை. அதன் இரண்டு கரையையும் மட்டும் சரித்துத் தணித்தேன். கரை கெட்டியாக இருப்பதால்தான் ஒவ்வொரு அடிக்கும் அது பிளக்கிறது. கரை இளகினால் வெடிப்பு தானாகவே மூடிக்கொள்ளும். இப்படி விரலால் பார்த்து வேலை செய்கிறவள் இந்தக் கரையோரத்தில் வேறு எவளும் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

“செவப்பு அப்படியே கிடக்கே ராத்தா?”

“கிடக்கட்டும். ஒனக்கு வடிவு வேணுமா, நட வேணுமா?”

“நட.”

“அப்ப பேசாம இரி. கஃபாவச் சுத்தி பளிங்குத் தரையில நடக்கக் கொஞ்சம் தடிப்பும் வேணும். எல்லாத்தையும் வழிச்செடுத்தா மறுகா கொப்புளந்தான்.”

தினமும் களிம்பு பூசிக் காலுறை போடவேண்டும், மருதோண்டி பக்கமே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினேன்.

பயணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தாள். விரலை வைத்துப் பார்த்தேன். கரைகள் இளகி, வெடிப்புகள் மேவி மூடி வந்திருந்தன. இஹ்ராம் கட்டி உம்றாவைத் தொடங்கிவிட்டால் நகம் வெட்டக்கூடாது என்பதால், சிவப்பு வளையத்தால் பெருவிரல் நகங்களைத் தணித்து ஓரம் உருட்டினேன். பிறகு பின் கதவைத் திறந்தேன்.

“வெறுங்காலோட முத்தத்தில நட புள்ள.”

முற்றத்தில் மணலும் சரளையும் கலந்து கிடக்கும். நதீரா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு இறங்கினாள். முதலில் விரல் நுனியில் நடந்தாள், பழகிப்போன பயம். பிறகு குதியை ஊன்றினாள். நின்றாள். இன்னொரு தரம் அழுத்தி ஊன்றினாள். அதன்பிறகு தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கினாள். றுமைஸ் வேலியோரம் வந்து நின்று பார்த்தான். தாயின் முகம் ஒரு தரமும் சுளிக்கவில்லை.

“போதும் உம்மா, வாங்க.”

“நீ களைச்சா வீல்செயார்ல இரி மகன்,” என்றாள் அவள், நிற்காமல்.

அறைக்குள் வந்து காலைத் துடைத்ததும் அவன் திரைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தான். “மாமி, உம்றாக்குப் போறவங்களுக்குக் கொஞ்சம் கொறச்சி...”

“கொறைக்கிற பழக்கமில்ல மனே. ஒங்கட உம்மா நெஞ்ச சாரனக் கொறச்சித் தருவாவா?”

“தரமாட்டன்!” என்றாள் நதீரா. “நீ அங்கால போய் வேனக் கூப்பிடு.”

கைப்பையைத் திறந்து, மடித்து வைத்த நோட்டுகளை எடுத்து, விரலை நாவில் தொட்டுக்கொண்டாள். நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தாள். கடைசி நோட்டை வைத்துவிட்டு, என் விரல்களை அவளே மடக்கி மூடிவிட்டாள்.