லிஃப்ட்டக்கா இறங்கிய நாள்

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைத் தெரியாதவர்கள் உண்டு. லிஃப்ட்டக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. கட்டிலோடு நோயாளியை ஏற்றிப் போகிற பழைய லிஃப்ட், அதன் மூலையில் ஒரு முக்காலி, முக்காலியில் அக்கா. கணவர் போன பிறகு கிடைத்த வேலை. பூசினாற்போல உடம்பு என்று சொன்னால் எனக்குப் பொய் சொன்ன பாவம் வரும். நல்ல கனம். முக்காலியைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள் நின்றாலும், அவர் இறங்கும்வரை தான் இறங்குவதில்லை. எந்த அதிகாரியும் போட்ட சட்டம் இல்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறுகிற யாரும் ஊர் சுற்றிப் பார்க்க ஏறுவதில்லை, பாதி வழியில் தனியாக விட்டால் பயந்து போவார்கள் என்பது அக்காவின் கட்சி. டீ ஆறி அவலாய்ப் போனாலும் பரவாயில்லை, கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் குடிப்பார்.

அக்காவின் மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அக்காவுக்கு ஒரே மகள்; கல்யாணம் ஆன பிறகு மூவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். வாய் ஓயாத மனிதர் மாப்பிள்ளை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூடப் பாடம் நடத்துவார். ஒருநாள் மாமியாரையே பிடித்துக்கொண்டார்.

"அத்தை, ஒரு பொருளைத் தள்ளி, அது தள்ளின பக்கமா நகர்ந்தாத்தான் எங்க கணக்குல அது வேலை. மூட்டையத் தூக்கினா வேலை. தூக்கிட்டு அப்படியே நின்னா, வேர்த்து ஊத்தினாலும் வேலை இல்ல."

"அப்போ நான் நாள் பூரா செய்றது?"

"நீங்க முக்காலியில உக்காந்திருக்கீங்க. லிஃப்ட்டுல்ல உங்களத் தூக்குது? சொல்லப்போனா மோட்டார்கூட முழுசாத் தூக்கல. கயித்தோட அந்தப் பக்கம் ஒரு பெரிய இரும்புக் கட்டு தொங்குது. நீங்க ஏறும்போது அது இறங்கும். அது மேல இருந்து இறங்குறப்போ விடுற சக்திய வாங்கித்தான் நீங்க மேல போறீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தத்தான் மோட்டார் பாத்துக்குது."

"உங்க பாடத்துல சோறு வேகுமா? ரசத்த ஊத்திக்குங்க மாப்பிள்ளை," என்றார் அக்கா. மகள் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். ஆனால் அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. மறுநாளிலிருந்து லிஃப்ட் ஏறும்போதெல்லாம், சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் தனக்காக இறங்கிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. முகம் தெரியாத அந்த இரும்பின் மேல் ஒரு மரியாதையும் வந்தது.

அந்த மாப்பிள்ளையைத்தான் ஒரு நாள் காலையில் கட்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை வேன் இடித்துவிட்டது. வெளியே பெரிய காயம் இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திறந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாலாவது மாடியில் தியேட்டர் தயார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் பழக்கப்பட்ட விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது.

கட்டில், அதில் மாப்பிள்ளை, தலைமாட்டில் சேதி கேட்டு ஓடிவந்த மகள், வயிற்றுப் பக்கம் டாக்டரம்மா, குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி நர்ஸ், தள்ளி வந்த இரண்டு வார்டு ஊழியர்கள், மூலையில் அக்கா. முதல் மாடியைத் தாண்டி முழங்கால் உயரம் போனதும் மேலே எங்கேயோ டப்பென்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றுவிட்டது.

மேல்தளத்து மோட்டார் அறையில் மெக்கானிக் இருந்தது யார் செய்த புண்ணியமோ. லிஃப்ட்டுக்குள் இருந்த போனில் அவர் குரல் வந்தது.

"அக்கா, மோட்டார் புகைஞ்சு போச்சு. கையால சுத்துற சக்கரமும் உடைஞ்சு கிடக்கு. புதுசு இன்னும் வரல. பிரேக்க மட்டும்தான் என்னால விட முடியும். கொஞ்சமா விட்டுப் பாக்கிறேன், கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பிரேக்கை விட்டார். லிஃப்ட் ஒரு சாண் கீழே இறங்கியது. மகள் வீறிட்டாள். பிரேக் மறுபடி பிடித்துக்கொண்டது.

"கீழ வேண்டாம் தம்பி, மேல போகணும்! உள்ள என் மாப்பிள்ளை இருக்காரு!"

"உள்ள பாரம் கூட இருக்குக்கா, அதான் இறங்குது. ஆளக் குறைங்க. குறைஞ்சா இரும்புக் கட்டு இறங்கும், நீங்க தன்னால மேல போவீங்க."

கட்டிலோடு இறக்கி மாடிப்படியில் தூக்கிப் போகலாமா என்று ஒரு ஊழியர் கேட்டார். படி குறுகல், திருப்பத்தில் கட்டில் திரும்பாது, இவரைச் சாய்த்துத் தூக்கினால் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா தலையை ஆட்டினார். அக்கா சாவியால் கதவைத் திறந்தார். ஊழியர்கள் இருவரும் முதல் மாடியில் குதித்து இறங்கினார்கள். பிரேக்கை விட்டார் மெக்கானிக். லிஃப்ட் ஒரு நடுக்கம் நடுங்கியது. கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை.

"இப்ப ரெண்டு பக்கமும் சமமா நிக்குது," என்றது போன். "இன்னும் ஒரு ஆள் இறங்கணும். நல்ல கனமான ஆளா."

நர்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். டாக்டரம்மா தரையைப் பார்த்தார். மகளோ காற்றடித்தால் பறக்கிற உடம்பு. மிச்சம் இருப்பது யார் என்று விளக்கவா வேண்டும்?

"நான் இறங்கமாட்டேன்," என்றார் அக்கா. "இத்தனை வருஷத்துல உள்ள ஆள விட்டுட்டு நான் இறங்கினதே கிடையாது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கே துணைக்கு நின்னிருக்கேன். என் வீட்டுப் பிள்ளைய விட்டுட்டு இறங்குவேனா? மேல போனா கதவ யாரு திறப்பா?"

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் மூச்சு.

"அத்தை... நீங்க கூட நின்னா நானும் இங்கயேதான் நிப்பேன். நீங்க இறங்கினா நான் ஏறுவேன்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது. பிறகு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சாவியை மகள் கையில் திணித்தார். "இந்த ஓட்டையில விட்டு இடது பக்கமாத் திருப்பு. முழுசா நின்ன பிறகு திற, அவசரப்படாத," என்றார். முக்காலியை வெளியே எறிந்தார். ஊழியர்கள் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, தட்டுத்தடுமாறி முதல் மாடித் தரையில் கால் வைத்தார். கதவு மூடியது.

லிஃப்ட் கிளம்பியது. மோட்டார் சத்தம் துளிகூட இல்லை. கயிறு உரசுகிற சத்தம் மட்டும். மெக்கானிக் பிரேக்கைக் கொஞ்சம் விடுவதும் பிடிப்பதுமாக, கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற பதமாகக் கொண்டுபோனார்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அக்கா அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார். இருட்டு. கயிறு மட்டும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம், மேலேயிருந்து கரிய இரும்புக் கட்டு ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக, அவசரமே இல்லாமல் கண்ணாடியைக் கடந்து கீழே போனது. அக்கா அதை முதன்முதலாகப் பார்த்தார். அது இவ்வளவு கீழே வந்துவிட்டது என்றால் மாப்பிள்ளை மேலே போய்ச் சேரப்போகிறார். "மகராசனா இருப்பா," என்று அந்த இரும்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஊழியர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேல வந்தாச்சு! கதவு திறந்தாச்சு!" என்று படிக்கட்டு வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது.

அக்கா படிக்கட்டைப் பார்த்தார். முட்டிவலி வந்த நாளிலிருந்து மாடிப்படி பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். வலது காலை வைத்து, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் இழுத்து, பிறகு இடது கால். இந்தப் பக்கம் இறங்கிக் கொடுக்க ஒரு இரும்பும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் முட்டி வட்டி கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, இத்தனை வருஷமும் இந்த உடம்பைச் சளைக்காமல் தூக்கியவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டார். அந்த மோட்டார், பாவம், அதுவும் ஒருநாள் முடியாமல்தானே புகைந்தது. இன்றைக்கு முன்னால் ஒருத்தருக்காவது தான் வாய்விட்டு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று கண் கலங்கியது. அழுதுகொண்டே எழுந்து மறுபடி ஏறினார்.

தியேட்டர் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சாவி பத்திரமாக அவள் முந்தானையில் முடிந்திருந்தது. இரண்டு பேரும் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தார்கள். வெயில் சன்னலை விட்டு விலகிய நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கசிவு நின்னுடுச்சு. நேரத்துக்கு வந்துட்டாரு. இன்னும் தாமதிச்சிருந்தா என் கையில எதுவும் இருந்திருக்காது," என்று அக்காவின் தோளைத் தொட்டார். "நீங்க இறங்கினீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி." அந்த ஆஸ்பத்திரியில் அக்காவை யாரும் இறங்கியதற்காகப் பாராட்டியதில்லை. டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை மறுநாள்தான், அதே நாலாவது மாடியில், முழுசாகக் கண் விழித்தார். மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், இரண்டு முட்டியிலும் ஈரத்துணி சுற்றி, காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் கிடந்த மாமியாரைப் பார்த்தார்.

"லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அப்போ அத்தை?"

"படியேறித்தான் வந்தாங்க. நேத்தும் வந்தாங்க, இன்னைக்கும் வந்தாங்க."

வாய் ஓயாத வாத்தியார் மாமியாரின் முட்டியையே பார்த்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை எழவில்லை. நாலு மாடி ஏறுவது அந்த உடம்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போட அவரைவிடத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"ஏன் அத்தை இப்படி..." என்றார்.

"நீங்க மேல இருக்கீங்களே மாப்பிள்ளை," என்றார் அக்கா. "நான் கீழ நின்னு என்ன செய்ய?"